இடதுகைக் கேப்டன்

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
4-3-1962

அன்புள்ள தங்கை பூவம்மாவுக்கு,

அண்ணன் பரமசிவம் எழுதுவது. இங்கே நானும் மாணிக்கமும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஈப்போவில் விடாத மழை என்று பத்திரிகையில் படித்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மச்சானின் இருமல் குறைந்ததா?

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். அறுபத்தொரு வயதில் செய்கிற காரியமா இது என்று நீ சிரிக்கலாம். சிரித்தாலும் பரவாயில்லை, பதில் மட்டும் எழுது.

1913-இல் கடற்கரைச் சாலைப் படக்கொட்டகையில் நாம் பார்த்த மரப்பொம்மைப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். பேசாத படம். கடைக்காரன் தங்களை அடுப்பில் வைக்கப்போகிறான் என்று தெரிந்ததும் ஒன்பது பொம்மைகளும் கடையை விட்டு வெளியேறி, சமையற்காரியின் அண்டாவில் ஏறிக் கடலைக் கடந்துபோகுமே, அந்தப் படம். அந்த ஒன்பது பேரையும் நான் வரைந்துகொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினேன். வரைபட அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் பிறர் போட்ட பாலங்களையும் சாக்கடைகளையும், அடியில் இருப்பது ஊடுருவித் தெரிகிற டிரேசிங் துணியில் நகல் எடுத்தவன் நான். சொந்தமாக ஒன்றும் வரைந்ததில்லை. ஆகவே இதையும் அதே துணியில், அதே கறுப்பு மையில்தான் வரைகிறேன். வேறு எதிலும் எனக்குக் கை வராது.

யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். இங்கே வாசகர் மன்றத்தில் பழைய படங்களைப் போட்டுப் பார்க்கிற கழகம் ஒன்று உண்டு. அதன் செயலாளர் சவரிராஜ், பள்ளி ஆசிரியர், வயதில் சிறியவர். அந்தப் படத்தின் பிரதி ஒன்று வெளிநாட்டில் அகப்பட்டிருக்கிறது, இரவலாக வருகிறது, ஜூலை 28 சனிக்கிழமை மாலை மன்றத்து மாடியில் காட்டப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பதினான்கு தடவை பார்த்தவன் நான், ஒன்பது பேரையும் வரைந்தும் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா சார்! அன்னிக்கு அத வாசல்லயே மாட்டிடலாம் லா" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே படம் ஓடும், வெளியே என் படங்கள் தொங்கும். ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்பார்கள். நாற்பத்தொன்பது வருட ஞாபகத்தை நம்பி மை போட்டிருக்கிறேன். டமாரக்காரன் தொப்பியில் இறகு ஒன்றா, இரண்டா? இரட்டைப் பெண்களின் குடையில் இருந்தது கோடா, புள்ளியா? மாலுமியின் கண்கட்டு வலது கண்ணில் என்றும், கேப்டன் கத்தி பிடித்தது இடது கையில் என்றும் வரைந்திருக்கிறேன். சரிதானா? உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் கேட்க முடியாது.

மச்சானுக்கு என் அன்பைச் சொல். குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

உன் அண்ணன்,
பரமசிவம்


ஈப்போ
16-3-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

பூவம்மா எழுதும் கடிதம். இங்கு எல்லாரும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது. அவருடைய இருமல் பாதி குறைந்து மீதி எனக்கு வந்திருக்கிறது. அண்ணி போனபிறகு நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்குக் கவலை.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்கண்ணனா? கையெழுத்துப் போடறதுக்கே ரெண்டு தடவ பென்சில்ல போட்டுப் பாக்கிற ஆளாச்சே!" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை அண்ணா. அன்று சமையல் முழுக்க அந்தக் கொட்டகையில்தான் இருந்தேன், ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

படுதாவுக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்போமே. நமக்கு இந்தப் பக்கம் துறைமுகத்துக் கூலிக்காரர்கள், அந்தப் பக்கம் மாட்டுவண்டிக்காரர்கள். அப்பா இரண்டு வாளியோடு ஏணிக்குக் கீழே நிற்பார். சுருள் மாற்றுகிற நேரத்தில் ஏறி, படுதாவை மேலிருந்து கீழ்வரை நனைப்பார். நனைந்த துணியில்தானே பின்பக்கம் இருக்கிற நமக்குப் படம் தெரியும். சொட்டுகிற தண்ணீரெல்லாம் உங்கள் தலையில்தான். "அப்பா, கேப்டன் நனையறாரு!" என்று நான் கத்துவேன். முன்பக்கம் இருக்கிற பெரிய மனுஷர்கள் உஸ் என்பார்கள்.

டமாரக்காரனுக்கு இரண்டு இறகு, அதில் ஒன்று ஒடிந்திருக்கும். குடையில் கோடு. மாலுமிக்கு வலது கண். கேப்டனுக்கு இடது கைதான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் கரண்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு கேப்டன் மாதிரி நிற்பீர்கள். "சோத்துக் கைய விட்டுட்டு என்னடா இது" என்று அம்மா அதே கரண்டியைப் பிடுங்கி அடிப்பாள்.

28-ஆம் தேதி சனிக்கிழமையா? எங்களுக்கு அந்த வாரத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை.

மாணிக்கத்துக்கும் மங்களத்துக்கும் என் ஆசி.

அன்புத் தங்கை,
பூவம்மா


சிங்கப்பூர்
8-4-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கும் இருமல் என்று படித்து வருந்தினேன். நான் சாப்பிடுகிறேன். இங்கே பிறர் சுகம். என் மனம்தான் சரியில்லை.

நீ சொன்னபடி இறகை ஒடித்துவிட்டு, நேற்று ஒன்பது படங்களையும் மன்றத்துக்கு எடுத்துப்போனேன். மேசையில் வரிசையாக வைத்தேன்: கேப்டன், மூக்கன், பிடில்காரர், டமாரக்காரன், சமையற்காரி, ஒற்றைக்கண் மாலுமி, இரட்டையர், பல்லில்லாத கழுதை. ஒவ்வொருவர் பெயரையும் தனிச் சீட்டில் எழுதிக் கீழே ஒட்டியிருந்தேன். சவரிராஜ் ரொம்ப நேரம் பார்த்தார். "பொம்மைய ஆட்டுற நூல்கூடத் தெரியுது சார்" என்றார். என் வாழ்நாளில் என் வேலையைப் பற்றி இன்னொருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அருளானந்தம் வந்தார். அந்தக் காலத்து டாக்டர் ஒருவரின் மகன், என் வயதுக்காரர், கழகத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு. அவரும் சிறுவயதில் அதே கொட்டகையில் அதே படத்தைப் பார்த்தவராம். குனிந்து பார்த்தார்.

"பரமசிவம், நீங்க இந்தப் படத்தப் பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொல்லக் கேட்டீங்களா?"

"பார்த்தேன். பதினாலு தடவை."

"பதினாலு தடவையா! அப்புறம் எப்படி ஒம்போது பேரும் நொட்டாங்கைப் பசங்களா இருக்காங்க?"

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டீஸை எடுத்தார். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் கொடுத்தது, அவருடைய அம்மா பைபிளில் வைத்திருந்தாராம். அதில் கேப்டன் நிற்கிறார். கத்தி வலது கையில். பக்கத்தில் மாலுமி, கட்டு இடது கண்ணில்.

பூவம்மா, பார்த்த அந்த நொடியிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முப்பத்து மூன்று வருடம் டிரேசிங் துணியைப் புரட்டியவனுக்குத் தெரியாதா? படுதாவின் பின்புறம் இருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். நாம் பார்த்ததைத்தான் நான் வரைந்திருக்கிறேன், தப்பில்லாமல் வரைந்திருக்கிறேன்.

ஆனால் நான் சொன்னது, "சரிபார்க்கிறேன்." அது மட்டும்தான்.

சவரிராஜ் என்னைத் தனியே அழைத்து, "ஒண்ணும் அவசரமில்ல சார். ஆனா தப்புன்னா மாட்ட வேணாம். ஆளுங்க சிரிப்பாங்க" என்றார். அவர் கண்ணில் நான் பொய்யன் ஆகிவிட்டேன். படங்களைச் சுருட்டிக்கொண்டு மழையில் வீட்டுக்கு வந்தேன்.

இன்னொன்று. என் கடிதங்களை மாணிக்கம்தான் தபால்காரரிடம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறான். அப்பாவின் வேலையைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

மருந்து சாப்பிடு. கவலையோடு,

அண்ணன்,
பரமசிவம்


ஈப்போ
17-4-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். இருமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? "நாங்க பின்னால உக்காந்து பாத்தோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த டாக்டர் மகன் வாயடைத்துப் போவார். அவர் பார்த்தது ஒரு பக்கம், நாம் பார்த்தது மறு பக்கம். அண்ணி இருந்திருந்தால் நேரே போய் அவரிடம் இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்.

அப்பாவின் வேலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றால் எனக்குப் புரியவில்லை. மாணிக்கம் படித்தால் என்ன? அவனுடைய தாத்தாதானே?

பதில் எழுதுங்கள்.

பூவம்மா


சிங்கப்பூர்
29-4-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

நீ குணமடைந்தது அறிந்து நிம்மதி. இந்தக் கடிதத்தை இதுவரை நான்கு தாள்களில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

முதல் நாளே சவரிராஜ் என்னிடம், "பதினாலு தடவ எப்படி சார் உள்ள விட்டாங்க?" என்று கேட்டார். "எங்கப்பா அந்தக் கொட்டகையில மேனேஜர்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. 1928 முதல் சொல்லிச் சொல்லி அது தானாக வாயில் வருகிறது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது தரகர் அப்படிச் சொல்லிவைத்தார். பெண்ணின் தகப்பனார் தலைமைக் குமாஸ்தா. நான் மறுக்கவில்லை. அவள் சாகும்வரை அவளிடமும் மறுக்கவில்லை. மாணிக்கத்துக்குத் தெரிந்ததும் அதுதான். அவனுடைய மாமனாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறோம்.

மேனேஜர் மகன் படுதாவுக்குப் பின்னால் சாக்கில் உட்காரமாட்டான். ஆகவே பின்னால் உட்கார்ந்தேன் என்று நான் சொன்னால், முப்பத்து நான்கு வருடப் பொய் அன்றே அவிழ்ந்துவிடும். சொல்லாவிட்டால், படத்தையே பார்க்காமல் கதைவிட்டவன் ஆகிறேன். இந்த வயதில் இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு வழி தெரிகிறது. டிரேசிங் துணியில் வரைந்ததை மறுபுறமும் பார்க்கலாம். பெயர்ச் சீட்டுகளை உரித்து, துணியைப் புரட்டி, அந்தப் பக்கம் ஒட்டினால் கேப்டனின் கத்தி வலது கைக்குப் போய்விடும். ஒரு கோடுகூடத் திருத்த வேண்டாம். அருளானந்தமும் திருப்தியடைவார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் பதில் வரும்வரை தொடமாட்டேன்.

அண்ணன்,
பரமசிவம்


சிங்கப்பூர்
27-5-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

நான்கு வாரம் ஆகிவிட்டது. தபால் தவறிவிட்டதோ என்று மாணிக்கத்திடம் இரண்டு முறை கேட்டேன். நீயும் மச்சானும் நலம்தானா?

உன் பதிலுக்குக் காத்திருப்பேன் என்று எழுதியிருந்தேன். காத்திருக்க முடியவில்லை, மன்னித்துவிடு. அறிவிப்பு அச்சுக்குப் போகிற நாள் நெருங்கியதால் சென்ற புதன்கிழமை ஒன்பது துணிகளையும் புரட்டினேன். சீட்டுகளை ஈரப் பஞ்சால் நனைத்து உரித்து மறுபுறம் ஒட்டினேன். அரை நாள் வேலை. மன்றத்தில் அருளானந்தம் பார்த்துவிட்டு, "ஆ, இப்பத்தான் ஆளுங்க சரியா நிக்கிறாங்க" என்று என் தோளில் தட்டினார். சவரிராஜ் அச்சடித்த அறிவிப்பில், ஜூலை 28, கொட்டகை மேனேஜரின் புதல்வர் திரு. து. பரமசிவம் வரைந்த ஓவியங்கள் என்று இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் என்னால் அந்த ஒன்பது பேரையும் நேரே பார்க்க முடியவில்லை. ஆறு வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இது வெறும் பிரமையாக இருக்கலாம். கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்னவோ.

ஒரு வரி எழுது.

அண்ணன்,
பரமசிவம்


சிங்கப்பூர்
24-6-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

உனக்கு உடம்பு ஏதாவதா? மச்சானுக்கா? எட்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்தி என்றதும் நீ பயந்துவிடுவாய் என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் போய்த் திரும்பினேன்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. 28-ஆம் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை.

பரமசிவம்


ஈப்போ
3-7-1962

அண்ணன் அவர்களுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

உங்கள் கல்யாணத்தன்று எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் அப்பாவை என்னவென்று சொல்லியிருக்கிறீர்கள் என்று. அப்பா இரவல் கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேசியது காதில் விழுந்தது. "மேனேஜரா இருந்தீங்களாமே, ஒங்க கைக்குக் கீழ எத்தன பேரு?" என்று அவர் கேட்டார். அப்பா கொஞ்சமும் தடுமாறவில்லை. "ரெண்டு பேருங்க. சொன்ன பேச்சத் தட்டமாட்டாங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "ரெண்டு வாளியத்தாம்மா சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தார். நடுரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பொய் அந்த ஒரு நாளோடு போய்விட்டது என்று முப்பத்து நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செத்த பிறகும் அந்த இரவல் கோட்டை அவர் மேலிருந்து நீங்கள் கழற்றவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் நீங்கள் மறந்திருக்கிறீர்கள். நாம் அந்தப் படத்தை முன்பக்கம் இருந்தும் பார்த்தோம். பதினான்காவது தடவை, கொட்டகையில் அந்தப் படம் ஓடிய கடைசி நாள். அப்பா யாரிடமோ கெஞ்சி நம் இரண்டு பேருக்கும் முன்னால் இடம் வாங்கினார். நாற்காலி. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேப்டன் வந்தார், கத்தியைத் தூக்கினார். நீங்கள் எழுந்து நின்று, "இது நம்ம கேப்டன் இல்ல!" என்று கத்தினீர்கள். கூட்டம் சிரித்தது. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினீர்கள். ஏணிக்குக் கீழே நின்ற அப்பாவிடம், "எங்க கேப்டன காட்டுங்கப்பா" என்று அழுதீர்கள். பன்னிரண்டு வயது உங்களுக்கு. பெரிய மனுஷர்களுடைய நாற்காலியை விட்டுவிட்டு நனைந்த சாக்குக்கு ஓடிவந்த பையன் நீங்கள்தான்.

கடைசியாக ஒன்று. மார்ச்சிலிருந்து ஐந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். 28-ஆம் தேதி என்று மூன்றில் இருக்கிறது. வா என்று ஒன்றில்கூட இல்லை.

துணியைத் திரும்பப் புரட்டலாமா என்று இனி என்னைக் கேட்க வேண்டாம். உங்கள் துணி.

பூவம்மா


சிங்கப்பூர்
12-7-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நீங்கள் அனைவரும் நலம் என்ற வரியை முதலில் படித்து மூச்சு விட்டேன். மற்ற வரிகளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடைசி நாள் எனக்கு ஞாபகம் இல்லை. முயன்று பார்த்தேன். மறந்துவிட்டேனா, வேண்டுமென்றே எங்காவது வைத்துவிட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. நீ சொல்வதை நம்புகிறேன்.

கடிதத்தைப் பிரித்துக் கொடுத்த மாணிக்கம் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நானே சொன்னேன். "ஒங்க தாத்தா மேனேஜர் இல்ல. படுதாவுக்குத் தண்ணி ஊத்தினவரு." அவன் கை இலையிலேயே நின்றது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "எங்கிட்ட எதுக்குப்பா? நான் என்ன பொண்ணு வீட்டுக்காரனா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. மங்களம்தான் இடையில் நின்று, "மாமா, காப்பி ஆறுது" என்கிறாள்.

மன்றத்தில் இன்னும் சொல்லவில்லை. நேற்று மாடிப்படி வரை போனேன். சவரிராஜ், "என்ன சார், வேர்க்குது?" என்றார். வெயில் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

28-ஆம் தேதி நீ வா. இதை மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும். நீ வந்தால் பேசுவாய். அதற்குப் பயந்தேன். இப்போது வா.

அண்ணன்,
பரமசிவம்


ஈப்போ
18-7-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். மாணிக்கம் பேசிவிடுவான், அவன் அண்ணியின் பிள்ளை.

நான் வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. நான் பக்கத்தில் நின்றால் எனக்காகச் சொல்வீர்கள். நான் இல்லாதபோது சொல்லுங்கள். பிறகு என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சொல்ல நினைத்ததை எழுத வேண்டாம், சொன்னதை மட்டும்.

பூவம்மா


சிங்கப்பூர்
1-8-1962

அன்புள்ள பூவம்மாவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன். முதலில் நீ கேட்டதை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மன்றத்துக்குப் போய், மாட்டியிருந்த ஒன்பதையும் இறக்கித் திரும்பவும் புரட்டினேன். மூன்றாவது தடவை ஒட்டுவதால் சீட்டுகள் நைந்துவிட்டன. கழுதையின் பெயர் கிழிந்தேபோனது, அது பெயரில்லாமல் தொங்குகிறது. சவரிராஜ் வந்து பார்த்து, "சார், மறுபடியும் தப்பாயிடுச்சே!" என்று பதறினார். நான் வாயால் சொல்லவில்லை. எழுதி எடுத்துப்போன அட்டையைக் கொடுத்தேன். அதில் இரண்டு வரி: படுதாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தபடி வரைந்தவை. படுதாவை நனைத்தவர் என் தந்தை துரைசாமி. அவர் படித்தார், கேப்டனுக்குக் கீழே அதைக் குத்தினார். அச்சடித்த அறிவிப்பில் மேனேஜர் என்ற சொல்லை அவரே மையால் அடித்தார்.

எழுத்தில் கொடுத்துத் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அருளானந்தம் வந்து அட்டையை உரக்கப் படித்தார். படிக்கட்டு முழுக்க ஆட்கள்.

"அப்ப மேனேஜர்?"

"மேனேஜர் இல்லீங்க. தண்ணி ஊத்தறவரு. நான் பொய் சொன்னேன்."

"என்ன? காதுல விழல."

என் குரல் அப்படி. இரண்டாம் தடவை சொன்னபோது தேவைக்கு மேல் சத்தம் வந்துவிட்டது, கீழே கோப்பிக்கடை வரை கேட்டிருக்கும். மாணிக்கத்தின் மாமனார் வந்திருந்தார். அட்டையைத் தானும் ஒரு முறை படித்தார், படம் தொடங்குமுன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "மேனேஜராமில்ல!" என்றார். சொன்னதை மட்டும் எழுதச் சொன்னாய், ஆகவே இதையும் எழுதுகிறேன்: அவருக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

அருளானந்தம் சிரிக்கவில்லை. அந்த நோட்டீஸை எடுத்து என் கேப்டன் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுருள் மாத்தறப்ப துணி மேலேருந்து கறுத்துக்கிட்டே வரும்ல? துணிக்கு வேர்க்குதுடான்னு எங்கண்ணன் சொல்லுவான். நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்" என்றார். நோட்டீஸை மடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் ஒரு ஆளு நிக்கிறாருன்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே பரமசிவம்" என்றார்.

படம் ஓடியது. மாணிக்கம் தாமதமாக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், பேசவில்லை. கேப்டன் வலது கையில் கத்தியைத் தூக்கினார். நீ சொன்ன அந்த நாள் அப்போது ஞாபகம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. ஆனால் என் வாய், "இது இல்ல" என்று சொல்லிவிட்டது. மாணிக்கம் திரும்பிப் பார்த்தான். "எது இல்லப்பா?" என்றான். மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வெளியே வந்த பிறகு யாரோ அட்டையைக் காட்டி யார் இந்தத் துரைசாமி என்று கேட்டார்கள். "எங்க தாத்தா" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

படங்கள் இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்கிறார் சவரிராஜ். போகும்போது, "ஒங்கப்பா படம் ஒண்ணும் இல்லியா சார், பக்கத்துல மாட்ட?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா ஒரு தடவைகூடப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை ஒரு புதுத் துணியை வெட்டிப் பலகையில் குத்தினேன். ஏணி வந்துவிட்டது, வாளிகள் வந்துவிட்டன, முதுகில் ஒட்டிய பனியன் வந்துவிட்டது. முகம் வரவில்லை. பதினான்கு தடவை அவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் படுதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது எப்படி இருக்கும், மீசை எதுவரை வரும், ஏணியில் ஏறும்போது வாளி எந்தக் கையில் இருக்கும், ஒன்றும் தெரியவில்லை. பென்சிலால் போட்டுப் போட்டு அழிக்கிறேன். நீ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? ரயிலில் உட்கார்ந்து வர முடியுமா? மாணிக்கம் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்கிறான். இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே, பூவம்மா. புறப்பட்டு வா. நீ சொல்லச் சொல்ல வரைகிறேன்.

உன் அண்ணன்,
பரமசிவம்